வலது கை, தோளுக்குக் கீழே

ஜூன் 13, திங்கள்

வக்கீல் ரெஜினா மேடம் இந்த நோட்டைப் போடச் சொன்னார். "தினமும் ரெண்டு வரியாவது எழுதி வைங்க சுகந்தி. குழந்தை எத்தன மணிக்கு எழுந்தா, என்ன சாப்பிட்டா, ஸ்கூலுக்குப் போனாளா, உடம்பு சரியில்லாம இருந்தாளா, எல்லாம். நாளைக்கு கோர்ட்ல கேட்டா நாள் கிழமையோட நீங்க பதில் சொல்லணும்" என்றார். குழந்தையை என்னிடமிருந்து எடுத்துத் தன்னிடம் கொடுக்கும்படி அவள் அப்பா ஜெகதீசன் மனு போட்டிருக்கிறார். வீட்டை விட்டு இன்னொருத்தியோடு போனது அவர். ஆனால் மனு போட்டதும் அவர்தான்.

இன்று ஓசூரில் மிருதுளாவுக்கு முதல் நாள் பள்ளி. ஒன்றாம் வகுப்பு, பி பிரிவு. காலை 6.40க்கு எழுந்தாள். இரண்டு இட்லி, அரை டம்ளர் பால். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, ஊக்கு குத்தி அனுப்பினேன். வீட்டில் அழவில்லை.

வாசலில் கொஞ்சம் அழுதாள். புது ஊர், புதுப் பள்ளி. அங்கே எல்லாக் குழந்தைகளும் அழுதுகொண்டுதான் இருந்தன. என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நாகரத்னம்மா என்று ஒரு ஆயா வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, "வா கண்ணு, உள்ள முயல் இருக்குது, காட்டறேன்" என்று கூட்டிப் போனார். சாயங்காலம் கேட்டால், முயல் சுவரில் வரைந்த படமாம். "ஆனா கேரட் சாப்பிடுதும்மா" என்றாள்.

எனக்கு லேப்பில் வேலை நான்கு மணிக்கு முடிகிறது. பள்ளி மூன்றேகாலுக்கே விட்டுவிடுவார்கள். நான் போகும்வரை நாகரத்னம்மா வராந்தாவில் உட்கார வைத்துக்கொள்வார். பிரின்சிபால் ஒப்புக்கொண்டார்.

ஜூன் 15, புதன்

பதினொன்றரைக்குப் பள்ளியிலிருந்து போன். மிருதுளா வகுப்பிலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். நான் ஒருவருக்கு ஊசி குத்திக் குழாயில் ரத்தம் நிரம்பிக்கொண்டிருந்த நேரம். போனை எடுக்க முடியவில்லை. மூன்று முறை அடித்திருக்கிறார்கள்.

ஆறு வயது ஆகப்போகும் குழந்தை. மூன்று வயதிலேயே நின்றுபோன பழக்கம் இது. வகுப்பு டீச்சர் ஷீபா மிஸ் டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருக்கிறார். இதெல்லாம் பள்ளியில் பதிவாகும். பிறகு கோர்ட்டில் நின்று, குழந்தை அம்மாவிடம் நிம்மதியாக இல்லை என்று படிப்பார்கள்.

வீட்டில் கண்டித்தேன். இனிமேல் செய்யமாட்டேன் என்று சொன்னாள். இரவு தயிர்சாதம்.

ஜூன் 17, வெள்ளி

6.30க்கு எழுந்தாள். ஒரு தோசை. பள்ளிக்குப் போனாள். வந்தாள்.

ஜூன் 19, ஞாயிறு

மாதத்தில் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் ஜெகதீசன் குழந்தையைப் பார்க்கலாம் என்று கோர்ட் உத்தரவு. பத்து மணிக்கு வந்தார். திண்டுக்கல்லிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்திருப்பார் போல, கண் சிவந்திருந்தது. வாசலிலேயே நின்றார். நானும் உள்ளே கூப்பிடவில்லை.

"ஸ்கூல் எப்பிடி இருக்கு பாப்பா?" என்று அங்கேயே கேட்டார்.

மிருது என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குப்பா. எனக்குப் பிடிச்சிருக்கு. நான் அழுகவே இல்ல" என்று மூன்றையும் வரிசையாகச் சொன்னாள்.

ஆறு மணிக்குக் கொண்டுவந்து விட்டார். கையில் ஒரு பபிள்ஸ் பாட்டில், முகமெல்லாம் ஐஸ்கிரீம். படியேறும்போது சிரித்துக்கொண்டே வந்தவள் கதவைத் தாண்டியதும் அமைதியாகிவிட்டாள். களைப்பு.

ஜூன் 24, வெள்ளி

ஷீபா மிஸ் கூப்பிட்டு அனுப்பினார். என்னைவிடச் சின்னப் பெண்தான், இருபத்தாறு இருபத்தேழு இருக்கும்.

"மிருதுளா வகுப்புல பேசவே மாட்டேங்கறா. பேர் கூப்பிட்டா 'பிரசென்ட் மிஸ்' கூட சொல்றதில்ல. எழுந்து நிக்கறா, அவ்வளவுதான். வீட்ல எப்படிங்க?"

"வீட்ல நல்லா பேசுவா மிஸ்."

"ஆயாம்மாகிட்ட மட்டும் பேசறா. அதனாலதான் பேச்சு வரும்னே எங்களுக்குத் தெரியும்."

நான் போய்ப் பார்த்தபோது வராந்தாவில் நாகரத்னம்மா பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். என்னைப் பார்த்ததும் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள்.

வீட்டில் 'பிரசென்ட் மிஸ்' இருபது தடவை சொல்ல வைத்தேன். கடைசியில் நன்றாகவே சொன்னாள்.

ஜூன் 28, செவ்வாய்

மறுபடியும் நனைத்துவிட்டாள். இந்த மாதத்தில் நான்காவது முறை. லேப்பில் எங்கள் மேனேஜர், "குழந்தைக்குத் தினமும் ஏதாவது ஆகுதே சுகந்தி" என்று சிரித்தபடி சொன்னார். சிரிப்பு சிரிப்பாக இல்லை.

எதனால் செய்கிறாள் என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. யோசித்துப் பதில் சொல்லட்டும் என்று பாத்ரூமில் சற்று நேரம் நிற்க வைத்தேன். பக்கத்துப் போர்ஷனில் தூங்குகிற கைக்குழந்தை இருப்பதால் சத்தம் போட வேண்டாம் என்றேன். போடவில்லை. அந்த அளவுக்குச் சொன்னதைக் கேட்கிற குழந்தைதான்.

பிறகு குளிக்க வைத்து, தலை துவட்டி, ரசம் சாதம் ஊட்டினேன். என் மடியிலேயே தூங்கிப்போனாள்.

ஜூலை 3, ஞாயிறு

அவர் வந்தார். கூட்டிப் போனார். கொண்டுவந்து விட்டார். போகும்போது என்னிடம், "பாப்பா இளைச்சிட்டா" என்றார். ஐந்து வருஷம் அவள் என்ன சாப்பிட்டாள் என்று தெரியாத மனிதர்.

ஜூலை 5, செவ்வாய்

லேப்பில் இன்று ஒரு நான்கு வயதுப் பையன். டெங்கு சந்தேகம். அவன் அம்மாவே பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழந்தைகள் வந்தால் மற்றவர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அவன் கையை என் உள்ளங்கையில் வைத்து, நரம்பைத் தேடியபடியே நாய்க்குட்டி பேர் என்ன என்று கேட்டேன். பேர் சொல்லி முடிப்பதற்குள் ரத்தம் எடுத்தாகிவிட்டது. "உங்க கை எவ்வளவு மெத்துன்னு இருக்கு சிஸ்டர். உங்க வீட்டுப் பிள்ளைங்க குடுத்து வெச்சது" என்றார் அந்த அம்மா.

அந்த வார்த்தையை இங்கே எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூலை 11, திங்கள்

நேற்று ஞாயிறு, வீட்டுப்பாடம். க, ங, ச வரிசை. 'ஞ' வரவில்லை. எட்டு மணிவரை உட்கார்ந்தோம். வரவில்லை. தெரிந்துகொண்டே எழுதாத மாதிரி இருந்தது. கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டியதாகிவிட்டது.

காலை 6.50க்கு எழுந்தாள். அரை இட்லி. முழுக்கைச் சட்டை போட்டு அனுப்பினேன். குளிர்.

ஜூலை 12, செவ்வாய்

என்ன நடந்ததோ அதை எழுத வேண்டும்.

இரண்டு மணிக்குப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். பிரின்சிபால் அறையில் ஷீபா மிஸ், நாகரத்னம்மா, மிருதுளா மூவரும் இருந்தார்கள். நனைந்த உடையை மாற்றும்போது நாகரத்னம்மா பார்த்திருக்கிறார். வலது கை, தோளுக்குக் கீழே, உட்பக்கம். மூன்று இடத்தில் கன்றிப்போயிருந்தது. ஒன்று கருநீலம், இரண்டு மஞ்சளாகிவிட்டவை. மஞ்சளாக ஐந்தாறு நாள் ஆகும். எனக்கு அது தெரியும், என் வேலையே அதுதான். அந்த அறையில் மற்றவர்களுக்குத் தெரியவில்லை.

பிரின்சிபால் மெதுவாகத்தான் கேட்டார். "குழந்தைக்கு இது எப்படி ஆச்சுன்னு தெரியுமாம்மா? நாங்க கேட்டாகணும். கேட்காம விடக்கூடாது."

எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் கோர்ட் ஹால்தான். ஜெகதீசன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடுவில் இந்தக் கை.

"ஸ்கூல்ல பாத்ரூம் கூட்டிட்டுப் போறது யாரு மேடம்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரியாது. வந்துவிட்டது.

நாகரத்னம்மா, "நான்தான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அவருக்கு இன்னும் புரியவில்லை.

"அப்ப இவங்களத்தான் கேக்கணும். வீட்ல நானும் குழந்தையும் மட்டும்தான். வேற யாரும் இல்ல."

ஷீபா மிஸ் குனிந்து, "மிருது, யாரு கண்ணா கிள்ளினது?" என்று கேட்டார். மிருது என்னைப் பார்த்தாள்.

நான், "ஆயாம்மாவா?" என்றேன்.

தலையாட்டினாள்.

நாகரத்னம்மா அவளைப் பார்த்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில். பிறகு என்னைப் பார்த்தார்.

ஜூலை 13, புதன்

ரெஜினா மேடத்துக்கு போன் பண்ணினேன். "உடனே எழுத்துல கம்ப்ளெயின்ட் குடுங்க. குடுக்கலன்னா, ஏன் அம்மா சும்மா இருந்தாங்கன்னு அவங்க வக்கீல் கேப்பார்" என்றார். அவர் என்னை நம்பித்தான் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். என் கையெழுத்து எப்போதும் நன்றாக இருக்கும்.

ஜூலை 15, வெள்ளி

நாகரத்னம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பெற்றோர்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக அதே பேச்சு. ஒருவர் அவர் போட்டோவையும் போட்டுவிட்டார், ஆண்டு விழாவில் எடுத்தது. ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஐம்பத்தெட்டு பேர் கோபமாகப் பதில் போட்டிருக்கிறார்கள். நான் எதுவும் போடவில்லை.

ஜூலை 18, திங்கள்

6.30க்கு எழுந்தாள். இரண்டு இட்லி. வாசலில் அழவில்லை. என் துப்பட்டாவைத் தொடவில்லை. நேராக உள்ளே போனாள், திரும்பிப் பார்க்காமல்.

பழகிவிட்டாள்.

ஜூலை 26, செவ்வாய்

லேப் வாசலில் நாகரத்னம்மா நின்றிருந்தார். மதியம் சாப்பாட்டு நேரம். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து, ஆட்கள் இல்லாத பக்கமாகக் கூட்டிப்போனேன். ஜெனரேட்டர் சத்தத்தில் அவர் பேசியதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"பாப்பாம்மா, நான் கிள்ளல. அது உங்களுக்கே தெரியும். அதப் பேச வரல."

நான் ஜெனரேட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பாப்பா ஏன் பாவாடய நனைக்குதுன்னு தெரியுமா? பாத்ரூம்ல கதவு சாத்துனா பயப்படுது. வெளிய இருந்து தாழ்ப்பா போட்டுருவாங்கன்னு பயம். அதான் போகாமயே அடக்கி அடக்கி வெக்குது. நான் கதவ ஒரு சாண் தொறந்து வெச்சு, என் புடவ தெரியற மாதிரி நிப்பேன். நின்னுட்டுப் பாடிட்டே இருக்கணும். பாட்டு நின்னா வெளிய வந்துரும். புதுசா வந்திருக்கற பொண்ணுக்கு இது தெரியாது. நான் சொன்னா இப்ப யாரு கேப்பாங்க? நீங்க சொல்லிருங்க."

"சரி" என்றேன்.

"மறக்காம சொல்லுங்க" என்றார். போய்விட்டார்.

பள்ளியில் சொன்னேன். குழந்தைக்கு இருட்டு என்றால் பயம் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 4, வியாழன்

பதினாறு நாட்களாக இவள் மேல் என் கை படவில்லை. படவில்லை என்று எழுதுவதற்காக எழுதவில்லை. எண்ணிக்கொண்டு இருக்கிறேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 12, வெள்ளி

எண்ண வேண்டியதில்லை இனி.

காலையில் ஷூ மாட்ட மாட்டேன் என்று நின்றாள். 8.20 ஆகிவிட்டது. பஸ் போய்விட்டது. என்ன ஆனது என்று எனக்கே முழுதாக நினைவில்லை. முடிந்தபோது அவள் ஷூ மாட்டிக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள். அழவில்லை. "போலாம்மா, லேட்டாச்சு" என்றாள்.

இரண்டு மாதத்துக்கு முன்பு இதே குழந்தை பள்ளி வாசலில் எப்படி அழுதது. இப்போது அதையும் காணோம்.

ஆகஸ்ட் 17, புதன்

மிருதுளாவின் பருவத் தேர்வுத் தாள்கள். தமிழில் 50க்கு 42. கையெழுத்து அழகு என்று மிஸ் நட்சத்திரம் போட்டிருக்கிறார். 'ஞ' நன்றாக வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

அவர் வரவில்லை. கடையில் சரக்கு இறங்குகிறதாம். மிருது பத்து மணியிலிருந்து ஜன்னலில் நின்றாள். வரமாட்டார் என்று சொன்ன பிறகும் பன்னிரண்டுவரை நின்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாள், கிழமை, நேரம் குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 23, செவ்வாய்

ஷீபா மிஸ் இன்று என்னை வகுப்பறைக்கே கூப்பிட்டார். பிள்ளைகள் போன பிறகு. அந்தச் சின்ன பெஞ்சில் என்னை உட்காரச் சொல்லி, தானும் எதிரில் உட்கார்ந்தார். முழங்கால் முட்டியது.

"இன்னிக்கு மிருதுளா வகுப்புல பேசினா" என்றார்.

நான் சந்தோஷப்பட்டேன். உண்மையாகவே ஒரு நொடி சந்தோஷப்பட்டேன்.

"பக்கத்துல உக்கார்ற சஹானா பென்சில கீழ போட்டுட்டா. மிருது அவ கையப் பிடிச்சு, இங்க கிள்ளினா." தன் வலது கையைத் தூக்கி, தோளுக்குக் கீழே உட்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "அந்தக் குழந்தை கத்தப் போச்சு. அதுக்கு மிருது, 'சத்தம் வரக்கூடாது. வந்துச்சுன்னா இன்னொண்ணு. எனக்கு வேலைக்கு லேட்டாவுது'ன்னு சொன்னா. நான் நாலடி தூரத்துல நின்னு கேட்டேன். ரெண்டு மாசமா அவ வாயிலருந்து வந்த முதல் பேச்சு அது."

வெளியே யாரோ பெருக்கும் சத்தம் கேட்டது.

"அது குழந்தையோட பேச்சு இல்லீங்க" என்றார். "ஆயாம்மா பேச்சும் இல்ல. அவங்களுக்கு எந்த வேலைக்கு லேட்டாகப் போகுது? நான் அன்னிக்கே யோசிச்சிருக்கணும். நானும்தான் அந்த ரூம்ல நின்னேன்."

அவர் கண் நிறைந்துவிட்டது. எனக்கு இல்லை. நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அ முதல் ஃ வரை ஒட்டியிருந்தார்கள்.

"ரெண்டு நாள் டைம் தர்றேன். நீங்களே வந்து சொன்னா நல்லது. இல்லன்னா நான் சொல்லணும்."

ஆகஸ்ட் 24, புதன்

நான்தான்.

இதற்கு முன் எழுதியதில் கண்டித்தேன் என்று இருக்கும் இடமெல்லாம் அடித்தேன் என்று படிக்க வேண்டும். கண்டிப்பாக இருந்தேன் என்பது கிள்ளியது. சட்டைக்கு வெளியே தெரியாத இடமாகப் பார்த்துக் கிள்ளினேன். அப்படிப் பார்த்ததால், கோபத்தில் கண் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. ஜூன் 28 அன்று பாத்ரூமில் நிற்க வைத்தது நாற்பது நிமிடம். வெளியே தாழ்ப்பாள் போட்டு, விளக்கை அணைத்து. அதற்கு முன்னும் இரண்டு முறை. ஜூலை 10 இரவு, 'ஞ'வுக்காக ஸ்கேலால் விரல் முட்டியில். அதை யாரும் பார்க்கவில்லை.

திண்டுக்கல்லில் இருந்தபோதும் உண்டு. அவர் இரண்டாவது போன் வைத்திருக்கிறார் என்று தெரிந்த வாரத்தில் ஆரம்பித்தது. ஏன் என்று எழுதப் போனால் அது காரணம் ஆகிவிடும். அவளுக்கு அப்போது ஐந்து வயது. பாலைக் கொட்டினாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

ஒரு ஆள் ஜுர மயக்கத்தில் கையை உதறினால்கூட நான் அதட்டியதில்லை. பத்து வருஷ வேலையில் ஒருத்தரிடமும் இல்லை.

ஆகஸ்ட் 25, வியாழன்

லேப்புக்கு லீவ் சொல்லிவிட்டுப் பிரின்சிபாலிடம் போனேன். உட்காரச் சொன்னார், நின்றுகொண்டே சொன்னேன். முழுவதும் கேட்டார். அவர் முகத்தில் வந்தது அருவருப்பு. பிறகு அதை அடக்கிக்கொண்டு, குழந்தைகள் நல அலுவலகத்துக்குத் தெரியப்படுத்த வேண்டும், அது அவர் கடமை என்றார். தெரியப்படுத்துங்கள் என்றேன்.

"நாகரத்னம்மாவைத் திருப்பி எடுத்துக்கணும் மேடம்."

"கூப்பிடறோம். அவங்க வரணுமே."

வாட்ஸ்அப் குழுவில் போட ஒரு கடிதம் எழுதினார்கள். 'விசாரணையில் ஆயா மீது தவறில்லை எனத் தெரியவந்துள்ளது' என்று மட்டும் இருந்தது. தவறு யாருடையது என்றும் எழுதச் சொன்னேன். குழந்தையின் பெயர் வெளியே வரும், கூடாது என்றார். அது சரிதான். மாலைக்குள் பதினோரு பேர் கைகூப்பிய படம் போட்டிருந்தார்கள். அதில் ஒருவர், 'நெருப்பில்லாம புகையுமா, எதுக்கும் கவனமா இருங்க' என்று எழுதியிருந்தார்.

பிறகு ரெஜினா மேடம். போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "என்கிட்ட ஏன் சுகந்தி பொய் சொன்னீங்க?" என்றார். பிறகு, "இனிமே குழந்தை உங்ககிட்ட நல்லா இருக்குன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட முடியாது" என்றார்.

"வேண்டாம் மேடம். நான் அவருக்கு போன் பண்றேன்."

ஆகஸ்ட் 26, வெள்ளி

ஜெகதீசனிடம் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எப்ப இருந்து?"

"போன வருஷம் ஆடி மாசத்துல இருந்து."

"நான் அங்கதான இருந்தேன் சுகந்தி."

"இருந்தீங்க."

அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். அதுவரை பிள்ளையை எங்கே வைப்பது என்று கேட்டார். ஷீபா மிஸ் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், இன்று பள்ளி முடிந்ததும் அங்கே போய்விட்டாள் என்றேன். அதிகாரிகளும் அதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்றேன்.

வீட்டில் யாருக்கும் டிபன் செய்ய வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 27, சனி

நாகரத்னம்மா வீட்டைத் தேடிப் போனேன். ரயில்வே கேட் தாண்டி, வரிசையாக நாலு ஓட்டு வீடுகள். வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். காலில் விழப் போனேன். தள்ளி நின்றுகொண்டார்.

"அதெல்லாம் வேணாம் பாப்பாம்மா. எந்திரிங்க."

"ஸ்கூல்ல உங்களைக் கூப்பிடுவாங்க."

"கூப்பிட்டாங்க நேத்து. போகல. ஒரு கம்பெனில கூட்டித் தொடைக்கற வேல கெடச்சிருக்கு. அங்க குழந்தைங்க இல்ல. அதுவே நல்லது." துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டார். "இந்த வரிசையில வேலைக்குப் போறவங்க பிள்ளைங்கள சாயங்காலம் நான்தான் பாத்துக்குவேன். அஞ்சாறு பிள்ளைங்க. இப்ப அனுப்பறதில்ல. யாரும் எதுவும் கேக்கல. அனுப்பறத நிறுத்திட்டாங்க, அவ்வளவுதான். இனிமே நீங்க வந்து சொன்னாலும் அவங்களுக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கும்."

நான் சொல்கிறேன், ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

"சொல்லுங்க. வேணாம்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

மற்ற மூன்று வீட்டுக்கும் போனேன். இரண்டில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு பெண் இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு கேட்டாள். நான் சொல்லச் சொல்லக் குழந்தையை அந்தப் பக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

திரும்பும்போது நாகரத்னம்மா கேட்டது ஒன்றுதான். "பாப்பாவுக்கு என் மேல கோவமில்லையே? பொய் சொல்லிட்டோம்னு பயந்துட்டு இருக்கும். பயப்பட வேணாம்னு சொல்லுங்க."

ஆகஸ்ட் 28, ஞாயிறு

பெட்டி கட்டினேன். கவுன் ஏழு, சீருடை வேண்டாம். ஊசி போட்ட அட்டை, பிறப்புச் சான்றிதழ். 'பால் சூடாக இருந்தால் குடிக்க மாட்டாள், கத்தரிக்காய் அலர்ஜி, பாத்ரூம் கதவைச் சாத்தக்கூடாது, பாடிக்கொண்டு நிற்க வேண்டும்' என்று ஒரு தாளில் எழுதி மேலே வைத்தேன்.

ஷீபா மிஸ் வீட்டு வாசலில்தான் பார்த்தோம். ஜெகதீசன் பெட்டியை வாங்கிக்கொண்டார். மிருது அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மண்டி போட்டு, "மிருது, ஆயாம்மா உன் மேல கோவமா இல்ல. நீ தப்பு பண்ணல. அம்மாதான் தப்பு பண்ணினேன்" என்றேன்.

கேட்டுக்கொண்டாள். பிறகு அப்பாவிடம், "பஸ்ல ஜன்னல் சீட்டா?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 14, புதன்

திண்டுக்கல்லில் வேறொரு பள்ளியில் சேர்த்துவிட்டார்களாம். மேனகாதான் போனில் சொன்னாள். முதல் நாள் இன்னொருத்தி என்று எழுதியது அவளைத்தான். முதல் மூன்று நாள் மிருது வாசலில் அழுது புரண்டாளாம். ஆயாவைக் கடித்துவிட்டாளாம். "என்ன செய்யறதுன்னே தெரியலக்கா" என்றாள்.

"அழட்டும்" என்றேன். "அழ விடுங்க."

எனக்கு வாரம் ஒருமுறை கவுன்சலிங். லேப்பில் சொல்லிவிட்டேன். குழந்தைகள் வந்தால் இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை.

அக்டோபர் 16, ஞாயிறு

மாதத்தில் ஒரு மணி நேரம், அதிகாரி ஒருவர் கூட இருக்க, பார்க்கலாம் என்று உத்தரவு. இன்று முதல் தடவை. திண்டுக்கல்லில் ஒரு அலுவலக அறை. மேசை, நான்கு நாற்காலி, ஒரு மூலையில் பொம்மைகள். அதிகாரி அம்மா ஜன்னலோரம் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிருது கொஞ்சம் சதை பிடித்திருக்கிறாள். இரட்டைச் சடை, எனக்குப் பின்னத் தெரியாத விதத்தில். முதலில் கதவருகே நின்றாள். பிறகு பொம்மைகளிடம் போனாள். பிறகு மெதுவாக என் நாற்காலிக்கு எதிரில் வந்து நின்றாள்.

"ஸ்கூல்ல என் பக்கத்துல ரெண்டு பேரு. ஒருத்தன் மூக்கு நோண்டுவான்" என்றாள்.

"அப்படியா?"

"எனக்குப் பல்லு விழுந்துருச்சு." வாயைத் திறந்து காட்டினாள். கீழ்வரிசையில் நடுவில் ஒன்று இல்லை. ஈறு சிவந்து, புதுப் பல்லின் வெள்ளை விளிம்பு தெரிந்தது.

நன்றாகப் பார்ப்பதற்காக மோவாயைத் தொடக் கையை நீட்டினேன்.

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். நகரவில்லை. வாயை மூடவும் இல்லை. அப்படியே நின்று காத்திருந்தாள்.

கையை எடுத்துக்கொண்டேன். அதிகாரி அம்மா ஃபைலிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு ஏதோ எழுதினார். கொஞ்ச நேரம் கழித்து மிருது ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

மற்றக் கண்ணையும் திறந்தாள். மூக்கு நோண்டுகிற பையனைப் பற்றி மேற்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. முடியும்வரை என் இரண்டு கைகளையும் மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டேன்.